டிஃபர் செய்த பழுது: தகவல் யார் கையில் தொலைகிறது?

#1 · ராத்திரி ஷிப்ட்

லைன் மெயின்டனன்ஸுக்குப் புதிதாக வந்திருக்கும் பொறியாளர்களுக்கு டிஃபரல் (பழுதை உடனே சரிசெய்யாமல் தள்ளிவைப்பது) பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பழைய ஸ்லைடுகளைப் புரட்டினேன். "தெளிவாக எழுது, கையெழுத்து புரியட்டும், எம்இஎல் எண்ணைச் சரியாகப் போடு." அவ்வளவுதான். வேண்டாத அறிவுரை இல்லை. ஆனால் நான் பார்த்த குழப்பங்களில் கையெழுத்தால் வந்தது அபூர்வம்.

இந்தத் துறையில் இல்லாதவர்களுக்காக: பழுதான ஒவ்வொன்றையும் உடனே சரிசெய்துவிட்டுத்தான் விமானம் கிளம்ப வேண்டும் என்பதில்லை. எது எது இயங்காவிட்டாலும் பறக்கலாம், என்ன நிபந்தனையில், எத்தனை நாள் வரை என்று ஒவ்வொரு விமான வகைக்கும் ஒரு மூலப் பட்டியல் உண்டு. அதைவிடத் தளர்வாக இல்லாமல் ஒவ்வொரு நிறுவனமும் தன் பட்டியலை வைத்திருக்கும். அதுதான் எம்இஎல். பாகம் அதில் இருந்தால் நிபந்தனைகளை முடித்து, டெக் லாகில் (விமானத்தின் பழுதுப் பதிவேட்டில்) பதிந்து, காக்பிட்டில் பிளக்கார்ட் (அறிவிப்புச் சீட்டு) ஒட்டி, பழுதைத் தள்ளிவைக்கலாம்.

ஒரு பதிவைப் பாருங்கள். பேக் என்பது கேபினுக்குக் குளிர்காற்றும் அழுத்தமும் தரும் ஏ.சி. கருவி, டிரிப் என்றால் அது தானாக நின்றுபோவது. பைலட் எழுதியது:

"ஏறும்போது 18,000 அடி தாண்டியதும் இடது பேக் டிரிப். ரீசெட் செய்ததும் வந்தது. 26,000 அடியில் மறுபடி டிரிப், ரீசெட் ஆகவில்லை. இறங்கியபின் தரையில் ரீசெட் ஆனது, நார்மல்."

அதற்குக் கீழே பொறியாளர்:

"இடது பேக் இயங்கவில்லை. எம்இஎல் 21-ஆம் அத்தியாயப்படி டிஃபர். பிளக்கார்ட் ஒட்டப்பட்டது."

இரண்டாவது பதிவில் விதிப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து திறந்திருக்கும் பழுதுகளின் பட்டியலில் இரண்டாவது மட்டும்தான் வாழ்கிறது. இரண்டு நாள் கழித்து ஆளும் நேரமும் உள்ள ஒரு நிலையத்தில் விமானம் நிற்கும்போது, அங்குள்ள மெக்கானிக்கிடம் போவது "இடது பேக் இயங்கவில்லை" என்ற வரி. அவர் தரையில் ஓட்டிப் பார்க்கிறார், ஓடுகிறது. "சோதிக்கப்பட்டது, சரியாக உள்ளது" என்று மூடுகிறார். தரையில் அது ஓடும் என்று பைலட் ஏற்கனவே எழுதிவிட்டாரே! அடுத்த ஏற்றத்தில் மறுபடி டிரிப். புதிய எண், புதிய பத்து நாள்.

யாரும் பொய் எழுதவில்லை. நடந்தது என்ன என்பது, எந்தப் பாகத்தைத் தள்ளிவைக்கிறோம் என்பதாக மாறிவிட்டது. அந்த மாற்றத்தில் உயரமும் வரிசையும் தொலைந்தன. வேறு இடங்களில் என்னென்ன தொலைகிறது என்று நீங்கள் சொல்லுங்கள்.

#2 · இடது சீட்

நல்ல இழை. ஒரு திருத்தம்: உங்கள் உதாரணத்தில் வரும் பைலட் ரொம்ப நல்லவர். எங்களில் பலர் "இடது பேக் டிரிப்" என்று மூன்று சொல்லோடு நிறுத்திவிடுவோம்.

சோம்பல் மட்டும் காரணமில்லை. நீளமாக எழுதினால் விமானம் நின்றுவிடுமோ என்ற எண்ணம் ஒன்று. படிக்கட்டடியில் நிற்கும் பொறியாளரிடம் வாயால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டோமே என்ற திருப்தி இன்னொன்று. அவர் அரை மணியில் வேறு விமானத்துக்குப் போய்விடுவார், வாயால் சொன்னதும் அவரோடு போய்விடும்.

எழுதாமல் விட்டதன் விலைக்கு 2018 லயன் ஏர் 610 போதும். விபத்துக்கு முந்தைய இரவு டென்பசாரிலிருந்து ஜகார்த்தா வந்த அதே விமானத்தில் ஸ்டிக் ஷேக்கர் (விமானம் தூக்குவிசையை இழக்கப்போகிறது என்று எச்சரிக்கும் கருவி) விடாமல் அதிர்ந்தது. டிரிம் தானாக மூக்கைக் கீழே தள்ளியது. குழு ஸ்டெபிலைசர் டிரிம்மின் கட்-அவுட் சுவிட்சுகளை அணைத்துவிட்டு மீதிப் பயணத்தை முடித்தது. ஆனால் லாகில் ஏறியது வேகமும் உயரமும் ஒத்துப்போகவில்லை என்பதும், ஃபீல் டிஃப் பிரஷர் விளக்கும் மட்டுமே. பொறியாளர்கள் எழுதியிருந்ததற்கு ஏற்றபடி பிட்டோ, ஸ்டாடிக் குழாய்களை அலசினார்கள், எலிவேட்டர் ஃபீல் கம்ப்யூட்டரின் இணைப்பைச் சுத்தம் செய்தார்கள். காலையில் கிளம்பிய குழுவுக்கு முந்தைய இரவின் முக்கால் பங்கு தெரியாது. 189 பேர். அந்த விமான வகையின் வடிவமைப்புக் கோளாறு பெரிய கதை, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் இந்தப் பதிவு இல்லாமல் போனதையும் இந்தோனேசிய விசாரணை அறிக்கை பங்களித்த காரணங்களில் சேர்த்திருக்கிறது.

#3 · பார்ட்66 மாணவி

மன்னிக்கணும், அடிப்படைக் கேள்வி. ராத்திரி ஷிப்ட் சார் "பத்து நாள்"னு எழுதியிருக்கார். அது எல்லாப் பழுதுக்கும் ஒண்ணா? எந்த நேரத்துல இருந்து எண்ணணும்? எங்க வகுப்புல ஆளுக்கு ஒரு பதில் வருது.

#4 · கன்ட்ரோல் டெஸ்க்

அடிப்படைக் கேள்விதான். ஆனால் இருபது வருஷக்காரர்களும் சறுக்குகிற இடம்.

நாலு வகை. ஏ வகைக்கு அந்த ஐட்டத்திலேயே கால அளவு எழுதியிருக்கும், சில நேரம் நாளாக இல்லாமல் பறப்புகளின் எண்ணிக்கையாக. பி வகைக்கு 3 நாட்காட்டி நாள், சி வகைக்கு 10, டி வகைக்கு 120. பழுது பதிவான நாள் கணக்கில் வராது. 26-ஆம் தேதி காலை 10 மணிக்கு பி வகைப் பழுது ஒன்றைப் பதிந்தால், 26 நள்ளிரவில் தொடங்கி 29 நள்ளிரவில் முடியும்.

இப்போது வம்பு. எந்த ஊர் நள்ளிரவு? விமானம் ஒரே நாளில் நாலு நேர மண்டலம் தாண்டுகிறது. டெக் லாகில் யுடிசி (உலகப் பொது நேரம்), சுவர்க் கடிகாரத்தில் உள்ளூர் நேரம், கணினியில் மூன்றாவதாக ஒன்று. உள்ளூர் தேதியைப் பொறியாளர் எழுத, கணினி அதை யுடிசியாக எடுத்துக்கொண்டால் ஒரு நாள் கூடும் அல்லது குறையும். குறைந்தால் வீணாக ஒரு விமானம் நிற்கும். கூடினால் கெடு முடிந்த பழுதோடு விமானம் பறக்கும், அது விதிமீறல். எதைப் பின்பற்ற வேண்டும் என்று உங்கள் நிறுவன எம்இஎல்லின் முன்னுரையில் இருக்கும். முன்னுரையை யாரும் படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

#5 · ஏவியானிக்ஸ்காரன்

#1-ல் சொன்னதற்கு என் கண்ணில் மிகத் துல்லியமான உதாரணம் ஸ்பான்ஏர் 5022. மாட்ரிட் பராஹஸ், 2008 ஆகஸ்ட் 20, எம்டி-82, 154 பேர் இறந்தார்கள். எல்லோரும் "ஃபிளாப் போடாமல் கிளம்பினார்கள்" என்று முடித்துவிடுவார்கள் (ஃபிளாப் என்பது மெதுவான வேகத்திலும் மேலெழ உதவும் இறக்கை மடல்). அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தைப் பாருங்கள்.

முதலில் ஓடுபாதை முனைவரை போய்விட்டார்கள். அங்கே ராட் புரோபின் வெப்பநிலை அதிகமாகக் காட்டியது. வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் சின்னக் கருவி அது, பனி பிடிக்காமலிருக்க உள்ளே ஹீட்டர் உண்டு. அந்த ஹீட்டர் வானத்தில்தான் சூடேற வேண்டும், தரையில் சூடேறக் கூடாது. இங்கே தரையில் சூடேறியது. திரும்பி வந்தார்கள். மெயின்டனன்ஸ் எம்இஎல்லைத் திறந்தது. ராட் புரோப் ஹீட்டர் இயங்காவிட்டால் பனிக்கு வாய்ப்பில்லாத வழியில் பறக்கலாம் என்று இருந்தது. ஆகஸ்ட் மாதம், பனி ஏது? ஹீட்டரின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்துவிட்டார்கள். விமானம் கிளம்பத் தயார்.

இப்போது சொல்லுங்கள், ஹீட்டர் பழுதா? ஹீட்டர் நன்றாக வேலை செய்தது, வேலை செய்யக் கூடாத நேரத்தில். அப்படியானால் விமானத்தின் ஏதோ ஒரு மூலை "நாம் வானத்தில் இருக்கிறோம்" என்று நம்பிக்கொண்டிருக்கிறது. தரையா வானமா என்ற செய்தியை அந்த ஹீட்டருக்குக் கொடுத்த ஆர்2-5 என்ற ரிலேதான் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) டேக்-ஆஃப் எச்சரிக்கைக்கும் கொடுக்கிறது. ஃபிளாப் இல்லாமல் த்ராட்டிலைத் தள்ளினால் அலற வேண்டிய எச்சரிக்கை அது. அன்று அது அலறவில்லை. ரிலேதான் காரணம் என்று விசாரணையால் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

"தரையில் ஹீட்டர் சூடேறுகிறது" என்ற கவனிப்பு, "ஹீட்டர் இயங்காவிட்டால் பறக்கலாம்" என்ற ஐட்டத்துக்குள் அடைக்கப்பட்டது. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டரைப் பிடுங்கிய கதை.

#6 · இடது சீட்

இதில் முழுக்க உடன்பட மாட்டேன். ஃபிளாப் போடுவது குழுவின் வேலை, செக்லிஸ்ட்டில் மூன்று இடத்தில் அது பிடிபட்டிருக்க வேண்டும். எச்சரிக்கை ஒலி என்பது கடைசி வலை. கடைசி வலை கிழிந்ததை முதல் காரணமாக்கினால் எங்கள் பக்கப் பாடம் மறைந்துவிடும். அந்த மெக்கானிக் எம்இஎல்லில் எழுதியிருந்ததைத்தான் செய்தார். வேறென்ன செய்திருக்க வேண்டும்?

#7 · ஏவியானிக்ஸ்காரன்

முதல் காரணம் என்று நான் சொல்லவே இல்லையே. டிஃபரலில் தகவல் எப்படி உருமாறுகிறது என்பதுதான் இழை.

மெக்கானிக்கைக் குறை சொல்வதிலும் எனக்கு விருப்பமில்லை. மேசை மேல் திறந்திருக்கும் புத்தகத்தில் ஹீட்டர் என்ற தலைப்பு இருக்கிறது, கையில் ஹீட்டர் புகார் இருக்கிறது, கேட் பக்கம் முழு விமானம் காத்திருக்கிறது. எம்இஎல் என்பது பழுதைக் கண்டுபிடிக்கும் நூல் அல்ல. அதில் தேடும்போது "இது என்ன பழுது" என்ற கேள்விக்கு நாம் ஏற்கனவே பதில் சொல்லிவிட்டோம் என்று அர்த்தம். அந்தப் பதிலை யாரும் சொல்லாமலே எம்இஎல்லைத் திறக்கிறோம். நான் சொல்வது அவ்வளவுதான்.

வேறென்ன செய்திருக்கலாம் என்றால், முதலில் பழுது தேடும் கையேடு, வயரிங் வரைபடம். ஹீட்டருக்கு மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்று பார்த்தால் ரிலே கண்ணில் பட்டிருக்கும். நேரம் ஆகும். அந்த நேரத்தைக் கேட்கும் துணிச்சல் தனி விஷயம்.

#8 · டிஸ்பாட்ச்

பைலட், பொறியாளர் இருவரைப் பற்றியே பேசுகிறீர்கள். பறப்புத் திட்டம் போடும் எங்களை எல்லோரும் மறந்துவிடுவார்கள். பழுது டிஃபர் ஆனதும் எங்கள் கணக்கு மாறும். ஆன்டி-ஸ்கிட் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லை என்றால் ஓடுபாதை நீளம், ஒரு பேக் இல்லை என்றால் உயர வரம்பு, அதனால் எரிபொருள். பொறியாளர் லாகில் எழுதி, பைலட் கையெழுத்திட்டு, ஆனால் எங்கள் திரைக்கு வராவிட்டால் நேற்றைய விமானத்துக்கு ஏற்ற திட்டத்தோடு இன்றைய விமானம் கிளம்பும்.

இரண்டு பழுதுகள் சந்திக்கும்போதுதான் வேடிக்கை. ஏபியு (வாலில் இருக்கும் துணை எஞ்சின்) பழுதாகி டிஃபர் ஆகியிருக்கிறது, சி வகை, அவசரமில்லை. மூன்றாம் நாள் ஒரு எஞ்சினின் ஜெனரேட்டர் போகிறது. ஜெனரேட்டருக்கும் எம்இஎல்லில் இடம் உண்டு. ஆனால் பல விமான வகைகளில், பறப்பு முழுவதும் ஏபியு ஜெனரேட்டர் ஓட வேண்டும் என்பது அதற்கு நிபந்தனை. அந்த இரண்டாவது ஐட்டத்தை மட்டும் பிரித்துப் படிப்பவருக்கு எல்லாம் சரி. திறந்திருக்கும் பழையதையும் சேர்த்துப் படிப்பவருக்குத்தான் விமானம் நிற்க வேண்டும் என்று தெரியும்.

இன்னொன்று, நடைமுறையே மாறும்போது. 2007 ஜூலை 17, சாவோ பாவ்லோ கொங்கோன்யாஸ், டாம் 3054, ஏ320. வலது ரிவர்சர் (எஞ்சின் உந்துவிசையை முன்பக்கம் திருப்பி வேகத்தைக் குறைக்கும் அமைப்பு) செயலிழக்கச் செய்யப்பட்டு எம்இஎல்படி பறந்துகொண்டிருந்தது. பழைய நடைமுறையில் வேலை செய்யும் எஞ்சினின் லீவரை மட்டும் ரிவர்ஸுக்கு இழுப்பார்கள். புதிய நடைமுறையில் இரண்டையும் இழுக்க வேண்டும், அதற்குப் பதிலாகத் தரையிறங்கும் தூரக் கணக்கில் 55 மீட்டர் வரை கூட்டிக்கொள்ள வேண்டும். மழை, குட்டையான ஓடுபாதை. ஒரு லீவர் ரிவர்ஸுக்கு வந்தது, மற்றது ஏறும் நிலையிலேயே நின்றுவிட்டது என்று பதிவுக் கருவி காட்டியது. அந்த 55 மீட்டரைத் தவிர்க்கப் பழைய முறைக்கே போனார்களா என்பது விசாரணை எழுப்பிய சாத்தியங்களில் ஒன்று. 199 பேர். பிளக்கார்டில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் கை என்ன செய்யும் என்பதைப் பிளக்கார்ட் தீர்மானிப்பதில்லை.

#9 · பழைய லாக்

ஓய்வு பெற்றவன், இடையில் நுழைகிறேன். 1983-இல் நடுவானில் எரிபொருள் தீர்ந்து கனடாவின் கிம்லியில் எஞ்சின் இல்லாமல் இறங்கிய விமானத்தை எல்லோரும் பவுண்டு-கிலோ குழப்பம் என்று மட்டும் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் நடந்ததுதான் இந்த இழைக்குத் தேவை.

ஏர் கனடாவின் புது 767. எரிபொருள் அளவைக் கணக்கிடும் கணினியில் இரண்டு சேனல். எட்மண்டனில் ஒரு டெக்னீஷியன் பார்க்கிறார், காக்பிட்டில் அளவுகாட்டிகள் வெறுமையாக இருக்கின்றன. இரண்டாவது சேனலின் சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால் ஒரு சேனலில் அளவுகாட்டிகள் உயிர் பெறுகின்றன. பிரேக்கரில் அடையாள டேப் ஒட்டி லாகில் எழுதுகிறார். எழுதியதன் சாரம்: அளவுகாட்டி வெறுமை, இரண்டாம் பிரேக்கர் இழுத்து டேக் செய்யப்பட்டது. இழுத்ததால் அளவுகாட்டி திரும்ப வந்தது என்ற ஒரு வாக்கியம் அதில் இல்லை.

விமானம் அப்படியே நன்றாகப் பறந்து மாண்ட்ரியால் வருகிறது. அங்கே இன்னொரு டெக்னீஷியன், எரிபொருள் வண்டிக்காகக் காத்திருந்த நேரத்தில், அந்தப் பிரேக்கரை உள்ளே தள்ளிச் சோதித்துப் பார்க்கிறார். அளவுகாட்டிகள் வெறுமையாகின்றன. அதற்குள் வேறு வேலைக்கு அழைக்கிறார்கள், பிரேக்கரை மறுபடி இழுக்காமல் போய்விடுகிறார். டேப் அப்படியே இருக்கிறது. பார்ப்பவருக்கு இழுத்த மாதிரிதான் தெரியும்.

புதிய கேப்டன் வருகிறார். இறங்கிப்போகும் கேப்டனோடு வழியில் நடந்த பேச்சில், விமானம் இப்படியே அளவுகாட்டி இல்லாமல்தான் வந்தது என்று புரிந்துகொள்கிறார். காக்பிட்டில் வெறுமையான அளவுகாட்டி. பிரேக்கரில் டேப். லாகைத் திறந்தால் "அளவுகாட்டி வெறுமை, பிரேக்கர் டேக்." மூன்றும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, மூன்றும் சேர்ந்து தவறான கதையைச் சொல்கின்றன. அளவுகாட்டி முழுக்க வெறுமையாக இருந்தால் எம்இஎல்படி கிளம்பவே கூடாது. ஆனால் நேற்று இப்படித்தானே பறந்தது?

அதற்குப் பிறகுதான் பிரபலமான கணக்கு. 22,300 கிலோ வேண்டும். குச்சி விட்டு அளந்ததில் 7,682 லிட்டர். அதை 1.77-ஆல் பெருக்கினார்கள், அது லிட்டருக்குப் பவுண்டு, கிலோவுக்கு 0.8 அளவில் வரும். விளைவு, வேண்டிய எரிபொருளில் பாதிக்கும் குறைவு. 69 பேரும் உயிர் பிழைத்தது விமானிகளின் திறமை. அளவுகாட்டி வேலை செய்துகொண்டிருந்தால் அந்தக் கணக்குப் பிழை புறப்படும் முன்பே பல்லிளித்திருக்கும்.

#10 · ராத்திரி ஷிப்ட்

பழைய லாக் சார், இதுக்குத்தான் இழை தொடங்கினேன். "என்ன செய்தேன்" என்று இருக்கிறது, "செய்ததும் என்ன ஆனது" என்று இல்லை. ஸ்லைடில் இது போகும்.

ஷிப்ட் மாற்றத்தில் தள்ளிப்போடுவதையும் சேர்க்க நினைக்கிறேன். கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் 2574, 1991 செப்டம்பர் 11, எம்பிரேயர் 120. வால் ஸ்டெபிலைசரின் இரு பக்கமும் டி-ஐஸ் பூட் (படியும் பனியை உடைத்துத் தள்ளும் ரப்பர் உறை) மாற்றும் வேலை. மாலை ஷிப்டில் ஒருவர் உதவிக்கு ஏறி, இடது பக்க மேல் திருகுகளையும் கழற்றிவிட்டார். 47 திருகு. அடுத்த ஷிப்ட் மேற்பார்வையாளர் "இடது பக்கம் ஆரம்பித்தாயிற்றா" என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் வாலை அண்ணாந்து பார்த்துவிட்டு "இல்லை" என்கிறார். கீழே நின்று பார்த்தால் மேல்பக்கம் தெரியாது. சரி, இன்று வலது மட்டும், இடது இன்னொரு இரவு என்று தள்ளிவைத்தார்கள். காலையில் விமானம் சேவைக்குப் போனது. 14 பேர்.

அங்கே கேள்வி கேட்கப்பட்டது, பதிலும் வந்தது. பேச்சு நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கழற்றியவரோடு மட்டும் பேச்சு நடக்கவில்லை, வேலை அட்டையிலும் கழற்றியது ஏறவில்லை.

#11 · நம்பகப் பிரிவு

ரிலையபிலிட்டி பக்கத்திலிருந்து. எங்களுக்கு வருவது எண்களும் குறியீடுகளும்தான். அதே பழுது ஒரு முறை 21-ஆம் அத்தியாயத்தில் பேக் என்று வரும், மறுமுறை 36-ஆம் அத்தியாயத்தில் பிளீட் (எஞ்சினிலிருந்து பேக்குக்கு வரும் காற்று) என்று வரும். காரணம் ஒன்றாக இருக்கலாம், எங்கள் கணக்கில் இரண்டு தனிப் பழுதுகள். மறுபடி வரும் பழுது என்ற கொடி ஏறவே ஏறாது.

கொடி ஏறினாலும் கவனிக்க ஆள் வேண்டும். 2014 டிசம்பர் 28, ஏர்ஏசியா க்யூஇசட்8501. ரடர் டிராவல் லிமிட்டரின் (வால் சுக்கான் எவ்வளவு திரும்பலாம் என்று கட்டுப்படுத்தும் கருவியின்) சர்க்யூட் போர்டில் விரிசல் விட்ட சால்டர் இணைப்பு. அந்த ஆண்டில் மட்டும் அந்த அமைப்பில் 23 கோளாறுப் பதிவுகள், கடைசி மூன்று மாதத்தில் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் ரீசெட், சோதனை, சரி. 162 பேர்.

இன்னொரு கோணம் உண்டு. மூன்று நாள் முன்பு அதே கேப்டன், தரையில் பொறியாளர் சர்க்யூட் பிரேக்கரை இழுத்து ரீசெட் செய்வதைப் பார்த்தார். நானும் செய்யலாமா என்ற கேள்விக்கு, திரையில் அறிவுறுத்தினால் செய்யலாம் என்ற பொருளில் பதில் கிடைத்தது. நடுவானில் கடைசி முறை எச்சரிக்கை வந்தபோது பதிவுக் கருவி காட்டிய தடயங்கள், பிரேக்கரை இழுத்து ரீசெட் செய்ததோடு ஒத்துப்போகின்றன. ஆட்டோபைலட் விலகியது, அதன் பிறகு விமானம் மீளவில்லை. தரையில் செய்வது, வானில் செய்வது என்ற வரம்பு அந்த உரையாடலில் தெளிவாகப் பதியவில்லை.

#12 · பார்ட்66 மாணவி

படிக்கப் படிக்க பயமா இருக்கு. சரி, நாளைக்கு நான் கையெழுத்துப் போடும்போது என்ன எழுதணும்? #1-ல இருக்கற அந்த பேக் பதிவை நீங்க எழுதினா எப்படி எழுதுவீங்க?

#13 · ராத்திரி ஷிப்ட்

பயப்படாதீங்க. இப்படி எழுதுவேன்:

"மேலே கண்ட பதிவின்படி, 18,000, 26,000 அடியில் இடது பேக் டிரிப், தரையில் நார்மல். பிளீட் குழாய், வால்வு கண்ணால் சோதிக்கப்பட்டது, கசிவு தெரியவில்லை. சென்சார் சோதிக்கப்படவில்லை, நேரமில்லை. பேக் அணைத்து வைக்கப்பட்டது. சரிசெய்யும்போது தரையில் ஓடுவதை மட்டும் வைத்து மூட வேண்டாம்."

அதற்குப் பிறகு எம்இஎல் எண், வகை, கெடு, பிளக்கார்ட். பைலட் வார்த்தையை அப்படியே கீழே இறக்கியிருக்கிறேன், ஏனென்றால் டிஃபரல் பட்டியலுக்குப் போவது என் பதிவு மட்டும்தான். பார்த்ததையும் எழுதியிருக்கிறேன், பார்க்காததையும் எழுதியிருக்கிறேன். பார்க்காததை எழுத நிறையப் பேருக்குக் கூச்சம். அடுத்த ஆளுக்கு அதுதான் முதல் உதவி.

பக்கத்தைச் சொல்ல மறக்காதீங்க. இடது வலதோடு எண்ணும், அதாவது "1-ஆம் எண், இடது" என்று. ரிவர்சரைப் பூட்டும்போது இது உயிர் விஷயம்.

#14 · கன்ட்ரோல் டெஸ்க்

அழகான பதிவு. எங்கள் மின்னணு டெக் லாகில் பாதி வெட்டுப்படும்.

கிண்டல் இல்லை. எம்இஎல் ஐட்டத்தைத் தேர்ந்தெடுத்தால் தலைப்பு தானாக நிரம்பும், "இயங்கவில்லை" என்று. கூடுதல் விவரத்துக்கு ஒரு சின்னப் பெட்டி. அதில் எழுதியது நிலையத்துக்குப் போகும் வேலைப் பட்டியலில் அச்சாவதில்லை, சொடுக்கித் திறந்தால்தான் தெரியும். ராத்திரி மூன்று மணிக்கு யார் சொடுக்குவார்? காகித லாகில் பைலட் எழுதியது கண்ணெதிரே பக்கத்திலேயே இருந்தது. கணினி அதை ஒரு அடுக்கு கீழே தள்ளிவிட்டது. நீளமாக எழுதச் சொல்லும் முன் எழுதியது எங்கே போய்ச் சேருகிறது என்று பாருங்கள்.

தொலைபேசியில் டிஃபரலுக்கு அனுமதி கேட்பவர்களுக்கும் ஒன்று. "21 பேக், சி வகை, போட்டுக்கவா" என்று கேட்டால் நான் என்ன சொல்ல முடியும்? ஐட்டத்தோடு ஆரம்பிக்காதீர்கள். என்ன நடந்தது என்று ஆரம்பியுங்கள், எந்த ஐட்டம் என்று சேர்ந்து முடிவு செய்வோம். முடிவில் நான் சொன்னதைத் திரும்பப் படியுங்கள். கடுகடு என்று இருப்பேன், பரவாயில்லை.

#15 · இடது சீட்

கன்ட்ரோல் டெஸ்க் சொன்னதுக்குப் பிறகு ஒரு சந்தேகம். டெக் லாக் சட்ட ஆவணம். "சென்சார் சோதிக்கப்படவில்லை, நேரமில்லை" என்று எழுதினால் நாளை விசாரணையில் முதலில் வாசிக்கப்படுவது அதுதான். உங்கள் நிறுவனம் அதை விரும்புமா? எங்களில் சிலர் சந்தேகத்தை எழுதாமல் வாயால் சொல்வதும் இதனால்தான்.

#16 · ஏவியானிக்ஸ்காரன்

சந்தேகத்தை எழுத வேண்டாம், கவனித்ததை எழுதுங்கள். "ரிலே போயிருக்கலாம்" என்பது சந்தேகம். "தரையில் ஹீட்டர் சூடேறுகிறது" என்பது கவனிப்பு. சோதிக்கவில்லை என்பதும் நடந்ததுதான், கருத்து இல்லை. "நேரமில்லை" என்ற சொல்லை வேண்டுமானால் எடுத்துவிடுங்கள், அதில் எனக்கும் உடன்பாடில்லை.

#17 · ராத்திரி ஷிப்ட்

"நேரமில்லை" இருக்கட்டும் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. அடுத்த நிலையத்தில் அந்த வரியைப் படிப்பவர் சென்சாரிலிருந்து தொடங்குவார். விமானம் ஏன் அவசரமாக அனுப்பப்பட்டது என்பதும் எங்காவது பதிவாக வேண்டும். கேப்டன் சொல்லும் பயம் நியாயம். அதற்கு வகுப்பில் என்னிடம் பதில் இருக்காது.

வகுப்பை இப்படி நடத்தப் போகிறேன். பொறியாளரின் டிஃபரல் வரியை மட்டும் கொடுத்து, "என்ன நடந்தது, எதைச் சோதிப்பீர்கள்" என்று எழுதச் சொல்வேன். பிறகு பைலட்டின் வரியைக் காட்டுவேன். பேக் உதாரணம் இருக்கிறது, ஸ்பான்ஏர் இருக்கிறது. நிஜப் பதிவுகள் இன்னும் கொஞ்சம் வேண்டும். பதிவெண், நிலையம், பெயர், கையெழுத்து எல்லாவற்றையும் அடித்துவிட்டுத் தனிமடலில் அனுப்புங்கள்.

#18 · டிஸ்பாட்ச்

ரிவர்சர் ஒன்று அனுப்புகிறேன். அதில் எந்தப் பக்கம் என்பதை நான் அடிக்கவில்லை, முதலிலிருந்தே எழுதப்படவில்லை.